உராய்வு என்ற சொல்: பயிற்சி அறிக்கைகளைப் படித்து எழுதிய குறிப்பு

டிப்ளமோ, பி.இ. படிக்கிற பசங்க தொழிற்சாலைப் பயிற்சிக்குப் போய்விட்டு வந்து கொடுக்கும் அறிக்கையைத் தனி இலக்கிய வகையாகவே எடுத்துக்கொள்ளலாம். அதன் அமைப்பு மாறவே மாறாது. ஸ்பைரல் பைண்டிங். முதல் பக்கத்தில் கல்லூரி முத்திரை. அடுத்தது நன்றியுரை, தாளாளர், முதல்வர், துறைத்தலைவர், பெற்றோர், நண்பர்கள் என்று வரிசையாக வருவார்கள். பிறகு கம்பெனியின் வரலாறு, அவர்கள் இணையதளத்தில் இருப்பது அப்படியே. நிர்வாகத்தில் யாருக்குக் கீழே யார் என்று ஒரு படம். இயந்திரங்களின் பட்டியல். லேத் என்றால் என்ன, மில்லிங் என்றால் என்ன என்று பாடப்புத்தகத்திலிருந்து பத்துப் பக்கம். பாதுகாப்பு விதிகள் ஒரு பக்கம். கடைசியில் முடிவுரை: இந்தப் பயிற்சி எங்களுக்கு மிகவும் பயனுள்ளதாக இருந்தது.

விஸ்வநத்தம், சிவகாசி சுற்றுவட்டாரத்துப் பசங்க சிலர் சில வருஷமாக இந்த அறிக்கைகளை என்னிடம் கொண்டுவருகிறார்கள். இங்கிலீஷைக் கொஞ்சம் சரி பார்த்துக் கொடுங்க சார் என்பார்கள். சரி பார்த்துக் கொடுப்பேன். அப்படிப் படித்ததில் தோன்றியவற்றைத் தொகுத்து எழுதுவதுதான் இந்தக் குறிப்பு. பசங்களைக் கிண்டல் பண்ணுவது என் நோக்கமில்லை. அறிக்கைக்கு அந்த வடிவத்தை வகுத்துக் கொடுத்தது அவர்கள் இல்லையே. எதைக் கேட்டோமோ அதைத்தான் எழுதித் தருகிறார்கள். நாம் கேட்டதைப் பற்றித்தான் விமர்சனம்.

மூன்று விஷயங்கள் இந்த அறிக்கைகளில் இருப்பதே இல்லை. ஒன்று, மாணவர் தன் கையால் அளந்த ஒரு எண். இயந்திரத்தின் குதிரைத்திறன் இருக்கும். அது தகரப் பலகையில் பொறித்திருந்ததைப் பார்த்து எழுதியது. இரண்டாவது, வேலை செய்கிற ஆள். மேலாளர் பெயர் இருக்கும், அந்த லேத்தில் இருபது வருஷமாக நிற்கிறவர் சொன்ன ஒரு வாக்கியம் இருக்காது. மூன்றாவது, சரியில்லாமல் போன ஏதாவது ஒன்று. எந்த அறிக்கையிலும் எதுவும் உடையவில்லை, தேங்கவில்லை, வளையவில்லை, யாருக்கும் முதுகு வலிக்கவில்லை.

மற்ற படிப்புகளுக்கு இது எப்படியோ, வடிவமைப்பு படிக்கிற மாணவருக்கு மூன்றாவது குறை உயிரையே எடுத்துவிடுகிறது. டிசைன் என்பதே ஒரு பொருளோ, கருவியோ, வேலைமுறையோ இப்போது இருப்பதைவிட வேறு மாதிரி இருக்கலாம் என்ற எண்ணத்தில்தான் தொடங்குகிறது. எல்லாம் நன்றாக இருக்கிறது என்று சான்றளிக்கும் அறிக்கையை எழுதி முடிக்கிற மாணவர், டிசைனராக ஆவதற்கு முன்பே அந்த வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிடுகிறார்.

மணிக்கணக்கு

பயிற்சியோடு கூடிய படிப்பு நம்மூருக்குப் புதிது இல்லை. தமிழ்நாட்டுப் பாலிடெக்னிக்குகளில் சாண்ட்விச் டிப்ளமோ என்று ஒன்று இருக்கிறது. வழக்கமான மூன்று வருஷத்துக்குப் பதில் மூன்றரை வருஷம், ஏழு பருவம். 4ஆம் பருவத்திலும் 7ஆம் பருவத்திலும் தொழிற்சாலைப் பயிற்சி. கோவை பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரியில் பி.இ.யிலேயே ஐந்து வருஷ சாண்ட்விச் உண்டு. படித்து முடித்தவர்களுக்கு 1961ஆம் வருஷத்துத் தொழில் பழகுநர் சட்டம் இருக்கிறது. 1973ல் செய்த திருத்தம் அதைப் பொறியியல் பட்டதாரிகளுக்கும் டிப்ளமோக்காரர்களுக்கும் விரித்தது. பொறியியல் கல்லூரிகளுக்கு அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு இன்டர்ன்ஷிப் வழிகாட்டி ஒன்று வைத்திருக்கிறது. 40 முதல் 45 மணி நேர வேலைக்கு ஒரு கிரெடிட் என்று அதில் கணக்கு.

இங்கிலாந்திலும் இப்போது இதே பேச்சுதான். பதினாறு வயதுக்கு மேல் கல்லூரியில் சேருகிறவர்களுக்கு டி லெவல் என்ற இரண்டு வருஷப் படிப்பை 2020ல் தொடங்கினார்கள். பொறியியல் மற்றும் உற்பத்திக்கான வடிவமைப்பு என்ற பிரிவு 2022ல் வந்தது. அதில் குறைந்தது 315 மணி நேரம், அதாவது சுமார் 45 நாள், ஒரு நிறுவனத்தில் வேலை பார்த்தாக வேண்டும்.

கவனித்தீர்களா? பருவம், கிரெடிட், 315 மணி. எல்லா இடத்திலும் பேச்சு நேரத்தைப் பற்றியே. நேரத்தை எண்ணுவது தப்பு என்று சொல்ல மாட்டேன். அந்தக் கணக்கும் இல்லாவிட்டால் மாமா கம்பெனியில் ஒரு சர்ட்டிபிகேட் வாங்கி ஒப்பேற்றிவிடுவார்கள். ஆனால் மணிக்கணக்கு என்பது தரை. தரையைப் போட்டுவிட்டு வீடு கட்டியாச்சு என்று சொல்கிறோம்.

இந்த யோசனை முதலில் வந்த இடத்தைப் போய்ப் பார்த்தால் ஒரு வித்தியாசம் தெரியும். அமெரிக்காவின் சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் ஹெர்மன் ஷ்னைடர் என்ற பேராசிரியர் 1906ல் 27 மாணவர்களோடு இதைத் தொடங்கினார். மாணவர்களை ஜோடி சேர்த்தார்கள். ஒருவன் இந்த வாரம் பட்டறையில் நிற்பான், இன்னொருவன் வகுப்பில் இருப்பான். அடுத்த வாரம் இடம் மாறிக்கொள்வார்கள். இதில் முக்கியமானது பட்டறைக்குப் போனது இல்லை, திரும்பி வந்ததுதான். திங்கட்கிழமை வகுப்பில் உட்காருகிறவனிடம் போன வாரத்து எண்ணெய்க் கறை இன்னும் இருக்கும், அதோடு ஒரு கேள்வியும் இருக்கும். வாத்தியார் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும். அடுத்த வாரம் அந்தப் பதில் பட்டறையில் நிற்கிறதா என்று சோதிக்கவும் முடியும்.

நம்மிடம் பெரும்பாலும் பயிற்சி பருவ விடுமுறையில் வந்து போகிறது, அல்லது படிப்பின் கடைசியில் வருகிறது. திரும்பி வருவதற்கு வகுப்பே மிச்சம் இருக்காது. அறிக்கை அலமாரிக்குப் போகும். கேள்வி யாரிடமும் போகாது.

பாடத்தில் ஒரு சொல், செய்தியில் ஒரு சொல்

இப்போது விஸ்வநத்தத்துக்கு வருகிறேன். சிவகாசியை ஒட்டிய ஊர். பட்டாசு, தீப்பெட்டி, அச்சு என்று மூன்று தொழிலும் கலந்து கிடக்கும் வட்டாரம். ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு இந்த ஊரைப் பார்க்கலாம் என்று நினைக்கிறேன். அந்தச் சொல் உராய்வு.

வெடி விபத்துச் செய்திகளைப் படிக்கிறவர்களுக்கு இந்தச் சொல் நன்றாகத் தெரியும். மருந்து கலக்கும்போது உராய்வு ஏற்பட்டு விபத்து. மருந்து செலுத்தும்போது உராய்வு ஏற்பட்டு விபத்து. ஊர்ப் பெயரும் எண்ணிக்கையும்தான் மாறும், உராய்வு மாறாது. கிட்டத்தட்ட விதி என்ற சொல்லுக்குப் பதிலாக அதைப் பயன்படுத்துகிறார்கள். உராய்ஞ்சிருச்சு, என்ன செய்ய?

இதே சொல் பொறியியல் முதல் வருஷத்தில் ஒரு பாடம். சாய்தளத்தில் ஒரு கட்டை, அதன் எடை, உராய்வுக் கெழு, கட்டை வழுக்குமா வழுக்காதா என்று கணக்கு. அப்புறம் ஏணி, ஆப்பு, திருகு, பிரேக், கிளட்ச். இங்கே உராய்வு விதி கிடையாது. அளக்கலாம், கூட்டலாம், குறைக்கலாம்.

ஒரே மாவட்டத்தில், சில நேரம் ஒரே வீட்டில், இந்த இரண்டு உராய்வும் இருக்கின்றன. அம்மாவுக்குத் தெரிந்தது ஒன்று, பிள்ளைக்குத் தெரிந்தது இன்னொன்று. நான் பார்த்த எந்தப் பயிற்சி அறிக்கையிலும் இரண்டும் சந்தித்துக்கொள்ளவில்லை. என் விமர்சனத்தின் சாரம் இவ்வளவுதான்.

சந்தித்தால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு உதாரணம். வெடிமருந்து எவ்வளவு உராய்வைத் தாங்கும் என்பதை ஆய்வகத்தில் அளக்கிறார்கள். ஜெர்மனியின் பொருள் சோதனை நிறுவனம் உருவாக்கிய பி.ஏ.எம். கருவி இதற்குப் பேர்போனது. ஒரு பீங்கான் தகட்டில் துளி மருந்தை வைப்பார்கள். அதன் மேல் ஒரு பீங்கான் முளை. முளையின் மேல் நெம்புகோல் வழியாக எடையை ஏற்றித் தகட்டை முன்னும் பின்னும் நகர்த்துவார்கள். எந்த எடையில் பற்றுகிறது என்பதை நியூட்டனில் குறிப்பார்கள். ஆக, மருந்தின் பக்கத்துக்கு ஒரு எண் கிடைக்கிறது. அந்த மருந்தைக் கூம்பில் இட்டுக் கட்டையால் அமுக்குகிற கைக்கு என்ன எண்? இரண்டு எண்ணையும் நேரடியாக ஒப்பிட முடியாது, தொடும் பரப்பும் பொருளும் வேறு. இருந்தாலும் கையின் எண் இல்லாமல் அந்தக் கட்டையை எப்படி மாற்றி வடிவமைப்பது?

மெக்கானிக்கல் டிப்ளமோ படிக்கிற பையன் ஒருவன், அவன் அம்மா பல வருஷமாகப் பூச்சட்டி வேலை பார்க்கிறவர். ஆலைக்குள்ளே போகாமல் ஏதாவது பண்ண முடியுமா சார் என்று கேட்டான். சமையல் தராசு ஒன்றை வை, அதன் மேல் வெறும் காகிதக் கூம்பை நிறுத்து, காய்ந்த மணலை இட்டு அம்மாவை அமுக்கச் சொல், தராசு காட்டும் கிலோவை 9.8 ஆல் பெருக்கினால் நியூட்டன் என்றேன். அன்று ராத்திரி செய்து பார்த்திருக்கிறான்.

"கம்பெனில அமுக்குற மாதிரியே அமுக்கும்மா."

"எந்நேரத்து மாதிரிடா? காலையில அமுக்குறதா, சாயந்தரம் அமுக்குறதா?"

அவன் அதை என்னிடம் வந்து சொன்னபோது, பாடத்திட்டம் முழுக்கத் தேடினாலும் கிடைக்காத கேள்வி இது என்று தோன்றியது. காலையில் கை நிதானமாக இருக்கும். சாயங்காலம் கை ஓய்ந்திருக்கும், ஆனால் பீஸ் ரேட் கூலி, எண்ணிக்கை முடிய வேண்டும். ஆகவே வேகம் கூடும், அமுக்குவது சீராக இருக்காது. உராய்வு கட்டைக்கும் மருந்துக்கும் நடுவில் மட்டும் இல்லை, கூலி முறையிலும் இருக்கிறது. ஒரு சமையல் தராசும் ஒரு அம்மாவும் சேர்ந்து இவ்வளவு தூரம் கொண்டுவந்துவிட்டார்கள்.

பெயரில்லாத டிசைன்கள்

இந்த வட்டாரத்தில் டிசைன் இல்லை என்று பசங்க நினைக்கிறார்கள். சாலிட்வொர்க்ஸில் வரைவது, சி.என்.சி.யில் வெட்டுவது, காருக்குப் பாகம் செய்வது இதெல்லாம்தான் டிசைன்; அது ஓசூரிலும் ஸ்ரீபெரும்புதூரிலும் இருக்கிறது; இங்கே இருப்பது கைவேலை. இந்தப் பிரிவினையைப் படிப்புதான் சொல்லிக்கொடுத்தது.

தீப்பெட்டி ஆலையில் கட்டை அடுக்குவதைப் பார்த்திருப்பீர்கள். மரச்சட்டத்துக்குள் பள்ளம் போட்ட மெல்லிய கட்டைகள் வரிசையாக இருக்கும். ஒவ்வொரு பள்ளத்துக்கும் ஒரு குச்சி. சட்டத்தை இறுக்கிவிட்டால் எல்லாக் குச்சியும் ஒரே இடைவெளியில், ஒரே உயரத்தில் நிற்கும். அப்படியே மெழுகில் முக்கி, பிறகு மருந்தில் முக்கலாம். ஒரு குச்சி இன்னொன்றோடு ஒட்டாது. பொறியியலில் ஜிக், பிக்சர் என்று ஒரு பகுதியே உண்டு. வேலைப்பொருளைச் சரியான இடத்தில் நிறுத்திப் பிடித்துக்கொள்ளும் அமைப்புகளைப் பற்றியது. புத்தகத்தில் துளை போடும் ஜிக் படம் இருக்கும். அந்தப் பாடத்தைப் படிக்கிற பிள்ளையின் பாட்டி சின்ன வயசு முழுக்கப் பிடித்திருந்தது ஒரு பிக்சரைத்தான் என்று யாரும் அதற்குச் சொல்வதில்லை.

வெடிக்கு மருந்து செலுத்தும்போது வெற்றுக் குழாய்களை அறுகோண வளையத்துக்குள் நெருக்கி நிறுத்துவதும் அப்படித்தான். வட்டங்களைக் குறைந்த இடத்தில் அடுக்க அறுகோணம்தான் சிறந்தது என்பது கணிதத்தில் நிறுவப்பட்ட விஷயம். இங்கே அதைக் கையால் கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள். மருந்து அறையில் இரும்புக்குப் பதிலாக மரமும் பித்தளையும் அலுமினியமும், தரையில் ரப்பர் விரிப்பு, உடம்பில் சேரும் நிலைமின்னைத் தொட்டு இறக்க ஒரு செப்புத் தகடு, வெளிப்பக்கமாகத் திறக்கும் கதவு, அறைக்கு இத்தனை பேர்தான் என்ற வரம்பு. இவை எல்லாம் டிசைன் முடிவுகள். சிலவற்றை விதிப்புத்தகம் கொடுத்தது, சிலவற்றை விபத்து கொடுத்தது.

இந்தத் தொழிலே ஒரு பயிற்சியில்தான் தொடங்கியது என்பதும் எல்லாருக்கும் தெரிந்த கதை. சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922ல் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு வந்தார்கள். அவர்களுக்கு யாரும் வருகைப் பதிவேடு வைத்திருக்க மாட்டார்கள். ஊருக்கு எதைக் கொண்டுபோகப் போகிறோம் என்ற கேள்வி அவர்களிடம் இருந்தது, அதனால் பார்த்தார்கள். பார்த்ததை இந்த மண்ணின் வறட்சிக்கும், மழை குறைந்த வானத்துக்கும், கூலிக்கும் ஏற்ப மாற்றினார்கள். தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டியிருந்தது, அச்சுத் தொழில் வளர்ந்தது. முதலாளி கதையாகவே இதைச் சொல்லிச் சொல்லிப் பழகிவிட்டோம். டிசைன் வகுப்பில் சொல்ல வேண்டிய கதையும் இதுதான்.

ஆட்சேபங்கள்

இங்கே நியாயமான ஆட்சேபங்கள் உண்டு. அவற்றைத் தாண்டிப் போனால் இந்த விமர்சனத்துக்கு மதிப்பில்லை.

முதலாவது, சட்டம். 2008ஆம் வருஷத்து வெடிபொருள் விதிகளின்படி 18 வயது நிரம்பாதவரை உரிமம் பெற்ற வளாகத்தில் வேலைக்கு வைக்கவும் கூடாது, உள்ளே விடவும் கூடாது. பத்தாவது முடித்து டிப்ளமோ சேருகிற பிள்ளைக்கு 4ஆம் பருவத்தில் பதினேழு வயதுதான். ஆகவே அந்தப் பயிற்சிக்குப் பட்டாசு ஆலை என்ற பேச்சே கூடாது. குழந்தைத் தொழிலாளர் என்ற கறையைப் போக்க இந்த வட்டாரம் பட்ட பாட்டை மறந்துவிட்டு, பயிற்சி என்ற பெயரில் பின்கதவைத் திறக்க முடியாது. பதினெட்டுக்கு மேற்பட்டவர்களையும் மருந்து அறைக்குள் அனுப்புங்கள் என்று நான் சொல்லவில்லை. அறைக்கு ஆள் வரம்பு இருக்கும்போது வேடிக்கை பார்க்க ஒரு பயிற்சி மாணவரை உள்ளே நிறுத்துவதே டிசைன் பிழை.

இரண்டாவது, முதலாளிகளின் தயக்கம். கலவை விகிதம் அவர்களின் ரகசியம். வெளியாள் வந்து அளப்பது ஆய்வு அதிகாரி வந்தது மாதிரிதான் தெரியும்.

மூன்றாவதுதான் கனமானது. அம்மாமார்களின் ஆட்சேபம். பட்டாசு ஆபீசுக்கு அனுப்பவா படிக்க வச்சோம்? மருந்தில் கை கருத்து, தினசரிக் கூலியில் சேர்த்துக் கட்டிய பீஸ் அது. அந்தக் கேட்டைத் தாண்டிப் பிள்ளை வெளியே போக வேண்டும் என்பதற்காகவே கட்டியது. திரும்பவும் அதே கேட்டைக் காட்டி இதுதான் உன் பயிற்சி என்று ஒரு கல்லூரி சொன்னால், அது துரோகமாகத்தான் படும். அவர்கள் கோபம் சரி.

இந்த மூன்றையும் ஏற்றுக்கொண்ட பிறகும் செய்ய நிறைய இருக்கிறது. ஏனென்றால் பட்டாசில் மருந்து தொடாத வேலை ஏராளம். காகிதக் குழாய் உருட்டுவது, அட்டை வெட்டுவது, பெட்டி மடிப்பது, லேபிள் அச்சடிப்பது. உட்காரும் உயரம், கை நீட்டும் தூரம், ஒரு நாளைக்கு மணிக்கட்டு எத்தனை தடவை திரும்புகிறது என்று அளக்க ஒரு டேப்பும் ஒரு கடிகாரமும் போதும். அச்சகத்தில் பழைய ஆப்செட் இயந்திரத்துக்குப் பாகம் கிடைக்காமல் தானே கடைந்து போடுகிற மெக்கானிக் அண்ணன் பக்கத்தில் ஒரு மாதம் நின்றால், பொருளைப் பார்த்துப் படம் வரையும் கலை கையில் வந்துவிடும்.

மருந்தைத் தொடாமல் மருந்தைப் பற்றி யோசிக்கவும் முடியும். வெடிப்பின் அழுத்தம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஒரு விதி இருக்கிறது. தூரம் எடையின் கனமூலத்தைப் பொறுத்தது. அதாவது மருந்து எட்டு மடங்கு ஆனால், அதே அழுத்தம் எட்டும் தூரம் இரண்டு மடங்கு ஆகும். அறைக்கும் அறைக்கும் எதற்கு இடைவெளி, ஓர் அறையில் ஏன் இவ்வளவுக்கு மேல் மருந்து வைக்கக் கூடாது என்பதற்கெல்லாம் அடிப்படை இதுதான். இரண்டாம் வருஷ மாணவர் தாளில் போடக்கூடிய கணக்கு.

வேதியியலிலும் ஒன்று இருக்கிறது. அலுமினியப் பொடியும் நைட்ரேட்டும் கலந்த மருந்தில் ஈரம் சேர்ந்தால் மெல்ல வினை நடந்து சூடேறும். அதைத் தணிக்கக் கொஞ்சம் போரிக் அமிலம் சேர்ப்பது பழைய வழக்கம். கலந்த மருந்தை ராத்திரி மிச்சம் வைக்கக் கூடாது என்பதன் காரணம் இதில் இருக்கிறது. அப்படியானால் மருந்து மிச்சமாகாதபடி ஒரு நாளின் வேலையை எப்படித் திட்டமிடுவது? உற்பத்தித் திட்டமிடல் என்ற பாடத்தின் மாதிரி வினா இது. ஆனால் வினாத்தாளில் வருவது ஏதோ ஒரு பேரிங் கம்பெனி.

எது பணயம்

2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் நடந்த விபத்தில் கிட்டத்தட்ட 40 பேர் இறந்தார்கள். முதல் வெடிச் சத்தம் கேட்டு உதவிக்கும் பார்க்கவும் ஓடிவந்தவர்களும் அதில் உண்டு. அதன் பிறகும் விபத்துகள் நிற்கவில்லை. 2021 பிப்ரவரியில் சாத்தூர் அருகே அச்சன்குளத்தில் இருபதுக்கு மேற்பட்டவர்கள் போனார்கள். இவற்றைப் பற்றி விசாரணை நடக்கிறது, வழக்கு நடக்கிறது, உரிமம் ரத்தாகிறது. எல்லாம் வேண்டியவைதான். சட்ட மீறலை டிசைன் போக்கிவிடாது. நாலு பேர் இருக்க வேண்டிய அறையில் எட்டுப் பேரை வைக்கிறவருக்கு என்ன வரைபடம் கொடுத்தாலும் பயனில்லை. அதையும் சொல்லிவிட வேண்டும்.

ஆனால் பேச்சு முழுக்க மீறலைப் பற்றியே இருப்பதால், மீறாதபோதும் வேலை எப்படி நடக்கிறது என்ற கேள்வி யாருக்கும் சொந்தமில்லாமல் கிடக்கிறது. 2018 அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றம் பேரியம் உப்புகளுக்கும் சரவெடிக்கும் தடை போட்டது. 2019ல் நீரி நிறுவனம் பசுமைப் பட்டாசுக் கலவைகளைக் கொண்டுவந்தது. புகை எவ்வளவு குறைகிறது, சத்தம் எவ்வளவு குறைகிறது என்று விவாதம் நடந்தது. கலவை மாறினால் அது ஈரம் வாங்கும் விதம், காயும் நேரம், கட்டிக்குள் இறங்கும் விதம், அமுக்க வேண்டிய அளவு எல்லாமே மாறலாம். ஆய்வகத்துக்கும் அறைக்கும் நடுவில் இதைப் பார்த்து, கருவியையும் மேசையையும் வேலை வரிசையையும் திருத்தி வரைந்து கொடுக்க ஓர் ஆள் வேண்டும். அதற்குப் பெயர்தான் உற்பத்தி வடிவமைப்புப் பொறியாளர். அந்தப் பெயரில் பட்டம் வாங்குகிறவர்கள் சுற்றுவட்டாரக் கல்லூரிகளிலிருந்து வருஷாவருஷம் வெளியே வருகிறார்கள், பஸ் ஏறிப் போகிறார்கள். போகட்டும், அது அவர்கள் உரிமை. போவதற்கு முன்னால் ஊருக்கு ஒரு படமாவது வரைந்து கொடுத்துவிட்டுப் போகும்படி படிப்பை அமைக்க முடியாதா என்பதுதான் கேள்வி.

அப்படி அமைத்தால் பிள்ளையை மருந்து அறைக்கு அனுப்ப வேண்டியதில்லை. அம்மாவின் ஆட்சேபத்துக்கு உண்மையான பதிலும் அதுதான். பிள்ளை அந்த வேலைக்குத் திரும்பவில்லை. அந்த வேலையை மாற்றுகிற இடத்தில் உட்காருகிறது.

அறிக்கை எப்படி இருக்கலாம்

குறை மட்டும் சொல்லிவிட்டுப் போவதில் எனக்கு உடன்பாடில்லை. நடத்துகிறவர்கள் கையில் இருக்கும் எளிய வழி அறிக்கையின் வடிவத்தை மாற்றுவது. கம்பெனி வரலாறு வேண்டாம். லேத்தின் இலக்கணம் வேண்டாம். மொத்தம் பன்னிரண்டு பக்கம் போதும்.

முதலில், நீ பார்த்த ஒரே ஒரு வேலை. ஒரு கை அசைவுக்கு மேல் வேண்டாம்; அதைப் படமாக வரை. அடுத்து, உன் கையால் அளந்த எண்கள் மட்டும், எதைக் கொண்டு அளந்தாய் என்பதோடு. மூன்றாவது, அந்த வேலையைச் செய்கிறவர் உன்னிடம் கேட்ட ஒரு கேள்வி. நீ அவரிடம் கேட்டதை எழுத வேண்டாம். அவர் கேட்டதுதான் வேண்டும். நாலாவது, எதை மாற்றலாம் என்று ஒரு வரைபடம். கடைசியாக, அந்த வரைபடத்தை அவரிடம் திரும்பக் கொண்டுபோய்க் காட்டியபோது அவர் என்ன சொன்னார். இது ஆகாது தம்பி என்று சொல்லியிருந்தால் அதை அப்படியே எழுது, ஏன் ஆகாது என்பதோடு. அதற்கு முழு மதிப்பெண் உண்டு.

வாய்மொழித் தேர்வில் வெளித் தேர்வாளரோடு ஒரு போர்மேனோ, அனுபவமுள்ள ஒரு தொழிலாளியோ உட்காரலாம். இதற்குப் புதுச் சட்டம் வேண்டியதில்லை, கோடிக்கணக்கில் நிதியும் வேண்டியதில்லை. துறைத்தலைவர் ஒருவர் மனசு வைத்தால் அடுத்த பருவமே தொடங்கலாம். வேலைக்கான நேர்காணலில் இது உதவுமா என்று பசங்க கேட்பார்கள். ஒரு மாசம் ஆலையில் இருந்தேன் என்கிறவனையும், இந்தக் கட்டையின் பிடியை ஏன் இரண்டு செண்டிமீட்டர் கூட்டினேன் என்று விளக்குகிறவனையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்தால் எந்தக் கம்பெனிக்காரருக்கும் வித்தியாசம் தெரியும்.

மணல் அமுக்கிப் பார்த்த பையன் அந்த எண்களை அறிக்கையில் சேர்க்கவில்லை. சேர்க்க இடமில்லை சார், டெம்ப்ளேட்டில் அந்தத் தலைப்பே இல்லை என்றான். அவன் கொடுத்த அறிக்கை முறைப்படி ஏற்றுக்கொள்ளப்பட்டது. பயிற்சி மிகவும் பயனுள்ளதாக இருந்தது என்று அதில் எழுதியிருந்தது. எண்கள் அவனுடைய நோட்டில், காலை, மாலை என்று இரண்டு வரிசையாக இருக்கின்றன.